பெருங்கொங்கிறீட்டின் உள்வீக்கம்: திருகோணமலையில் ஓர் ஆய்வை எப்படி நடத்துவது

திருகோணமலையில் ஒரு பெரிய கொங்கிறீட் அமைப்பில் வெடிப்பு விழுந்தால், பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றுதான் சொல்லப்படும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துவிட்டது என்பார்கள். அல்லது அத்திவாரம் இறங்கிவிட்டது என்பார்கள். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் துருவும் இல்லாமல், இறக்கமும் இல்லாமல், கொங்கிறீட் தன் உள்ளிருந்தே மெல்ல மெல்லப் பருத்து, தன்னைத் தானே பிளந்துகொள்ளும் மூன்றாவது வகைச் சேதம் ஒன்று உண்டு. அணைகள், பாலத் தூண்கள், தடித்த அத்திவாரங்கள், இறங்குதுறைகள் போன்ற பெரிய அமைப்புகளிலேயே அது அதிகம் காணப்படுகிறது. அதைக் கண்டறிவதற்கான ஆய்வை முதலிலிருந்து முடிவு வரை எப்படி ஒழுங்குசெய்வது என்பதை, இப்பகுதியில் பணிபுரியும் இளம் பொறியியலாளர்களுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கும் இங்கே விளக்குகிறேன். கீழே பெயர் சொல்லப்படும் உள்ளூர் அமைப்புகள் எதிலும் இந்தச் சேதம் இருப்பதாக நான் கூறவில்லை. அவை எந்த வகை அமைப்பு என்பதைக் காட்டவே குறிப்பிடப்படுகின்றன.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். உள்வீக்கம் என்பது நடந்து முடிந்த ஒரு சேதமன்று, நடந்துகொண்டிருக்கும் ஓர் அசைவு. ஆகவே வெடிப்பைப் பூசி மூடுவதற்கு முன்னர், அந்த அசைவு எவ்வளவு, எந்தத் திசையில், எந்த வேகத்தில் நடக்கிறது என்பதை, கச்சான் வீசும் மாதங்களும் வாடை மழை பெய்யும் மாதங்களும் அடங்கிய ஒரு முழு ஆண்டுக்காவது அளந்தே ஆக வேண்டும். அளவீடு தொடங்குவதற்கு முன் பூசப்படும் ஒவ்வொரு சாந்துப் பூச்சும் சான்றை அழிக்கிறது.

வீக்கம் எங்கிருந்து வருகிறது

இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது கார–சிலிக்கா வினை. சீமெந்திலுள்ள சோடியம், பொற்றாசியம் ஆகிய காரங்கள் கொங்கிறீட்டின் நுண்துளை நீரில் கரைந்து, சல்லிக்கல்லிலோ மணலிலோ உள்ள நிலையற்ற சிலிக்காவைத் தாக்கும்போது ஒரு கூழ் உண்டாகிறது. அந்தக் கூழ் நீரை உறிஞ்சி வீங்கி, கல்லையும் அதைச் சுற்றியுள்ள சீமெந்துப் பசையையும் பிளக்கிறது. இதை 1940 இல் கலிபோர்னியாவில் தோமஸ் ஸ்ராண்டன் என்ற பொறியியலாளர் முதன்முதலில் விளக்கினார். வினைக்குரிய சிலிக்கா, போதிய காரம், ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது நடக்கும். ஒன்று குறைந்தாலும் நடவாது. ஈரத்தைப் பொறுத்தவரை, கொங்கிறீட்டின் உள்ளே சார்பு ஈரப்பதன் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. தடித்த அமைப்பின் மேற்பரப்பு கச்சான் காற்றில் காய்ந்து வெளுத்துக் கிடந்தாலும், ஒரு மீற்றர் உள்ளே பல பத்தாண்டுகளுக்கு அந்த ஈரம் இருந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, தாமத எட்ரிங்கைட் உருவாக்கம். எட்ரிங்கைட் என்பது சீமெந்து இறுகத் தொடங்கும்போது இயல்பாகவே தோன்றும் ஒரு சல்பேற்றுச் சேர்மம். அப்போது தோன்றுவதால் கேடில்லை. ஆனால் வார்த்த முதல் சில நாட்களில் கொங்கிறீட்டின் வெப்பநிலை ஏறத்தாழ 65 – 70 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது நிலைத்திருக்க முடியாமல் போய், சல்பேற்று சீமெந்துப் பசைக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. பின்னர், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, இறுகிய கொங்கிறீட்டுக்குள் நீர் புகும்போது எட்ரிங்கைட் மறுபடி உருவாகிப் பசையையே பருக்க வைக்கிறது. இது முதலில், நீராவியில் சூடாக்கி விரைவாக இறுக வைத்த ரயில்வே சிலிப்பர்களில் கவனிக்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் பிரான்ஸில், தொழிற்சாலையில் சூடாக்கப்படாமல் களத்திலேயே வார்க்கப்பட்ட பாலங்களிலும் கண்டறியப்பட்டது. அங்குதான் பெரிய அமைப்புகளைப் பற்றிய கவலை தொடங்கியது. ஏனென்றால் பெரிய அமைப்பு தன்னைத் தானே சூடாக்கிக்கொள்கிறது.

எவ்வளவு சூடாகும் என்பதைக் காகிதத்திலேயே மதிப்பிடலாம். சாதாரண போட்லண்ட் சீமெந்து ஒரு கனமீற்றருக்கு 100 கிலோகிராம் என்றால், வெப்பம் வெளியேறாத நிலையில் ஏறத்தாழ 12 பாகை உயர்வைத் தரும். பாலத் தூணின் அடித்தளம் ஒன்றுக்கு 420 கிலோகிராம் சீமெந்து இடப்பட்டால் உயர்வு 50 பாகை. ஓகஸ்ட் மாதத்துப் பகலில் இங்கே வார்க்கும் கொங்கிறீட் அச்சுக்குள் இறங்கும்போதே 32 பாகைக்குக் குறைவாக இருப்பதில்லை. இரண்டையும் கூட்டினால் 82. ஒன்றரை அல்லது இரண்டு மீற்றர் தடிப்புள்ள அடித்தளத்தின் மையத்திலிருந்து முதல் இரு நாட்களில் வெளியேறக்கூடிய வெப்பம் சொற்பமே. எனவே அந்த மையம் 70 பாகையைத் தாண்டியிருக்கும் என்று கொள்வதில் மிகைப்படுத்தல் எதுவுமில்லை. குளிர்நாட்டு நூலில் படித்த கணக்கை அப்படியே இங்கே பயன்படுத்துபவர்கள் தவறவிடுவது, தொடக்க வெப்பநிலையிலுள்ள இந்த 15 – 20 பாகை வேறுபாட்டைத்தான்.

களத்துக்குப் போகுமுன்

நல்ல ஆய்வின் பாதி கோப்பறையில் நடக்கிறது. அமைப்பு எந்த ஆண்டில், எந்த மாதத்தில், பகலிலா இரவிலா வார்க்கப்பட்டது. ஒரே தடவையிலா, படுகை படுகையாகவா. ஒரு கனமீற்றருக்கு எத்தனை கிலோகிராம் சீமெந்து. எந்த வகைச் சீமெந்து, நிலக்கரிச் சாம்பல் கலந்ததா கலக்காததா. சல்லி எந்தக் கல்லுடைக்கும் இடத்திலிருந்து, மணல் எந்த ஆற்றிலிருந்து. இவை எல்லாவற்றையும் தேடிச் சேர்க்க வேண்டும். வேலைத்தளப் பதிவேடு, கன உருவ மாதிரிகளின் வலிமைச் சோதனை அறிக்கை, சீமெந்து ஆலை வழங்கிய சான்றிதழ் ஆகிய மூன்றும் கிடைத்தால் பெரும் பேறு. சான்றிதழில் காரத்தின் அளவு இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சோடியம் ஒட்சைட்டின் சதவீதத்துடன் பொற்றாசியம் ஒட்சைட்டின் சதவீதத்தை 0.658 ஆல் பெருக்கிக் கூட்டினால் வருவது சமான காரம். அது 0.8 சதவீதம் என்றும், ஒரு கனமீற்றருக்கு 400 கிலோகிராம் சீமெந்து என்றும் கொண்டால், காரம் 3.2 கிலோகிராம் ஆகிறது. ஐயத்துக்குரிய கல் பயன்படும்போது பொதுவாகப் பேணப்படும் 3 கிலோகிராம் எல்லையை அது தாண்டிவிடுகிறது. சரியாகக் கழுவப்படாத கடல்மணல் பயன்பட்டிருந்தால் உப்பின் சோடியத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆவணங்கள் இல்லாத இடங்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். போர்க்காலத்தில் அழிந்தவையும், இடம் மாறியவையும் பல. அப்படியான இடத்தில் அந்த வேலையில் நின்ற மேசன்மாரையும் ஓவசியரையும் தேடிப் போய்க் கேட்பது வீண்வேலையன்று. எத்தனை பை சீமெந்து என்பதை அவர்கள் மறந்திருக்கலாம். ஆனால் "பலகை கழற்றும்போது கை வைக்க ஏலாத சூடு" என்று ஒரு முதிய மேசன் சொன்னால், அது ஆய்வின் திசையைத் தீர்மானிக்கக்கூடிய தகவல். அதைச் சொன்னவரின் பணி, அவர் நின்ற காலம் ஆகியவற்றுடன் எழுத்தில் பதிந்து வையுங்கள்.

வெடிப்பைப் பார்ப்பது

உள்வீக்கத்தின் வெடிப்புக்கு ஒரு முகம் உண்டு. கம்பிக் கட்டு குறைந்த தடித்த சுவரிலும் சிறகுச்சுவரிலும் அது வரைபடத்தின் எல்லைக்கோடுகள் போலப் பல திசைகளிலும் கிளைத்துச் செல்லும். கம்பிக்கட்டு அதிகமுள்ள தூணிலோ, அழுத்தம் தாங்கும் உறுப்பிலோ அப்படிக் கிளைக்காது. தடுக்கப்பட்ட திசையில் பருக்க முடியாமல், தடையில்லாத திசையில் பருப்பதால், வெடிப்பு பிரதான கம்பிக்கு இணையாக நீளும். இதைத்தான் பலர் துருவினால் வந்த வெடிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். துருவில் வெடிப்பு ஓரத்தில் செம்பழுப்புக் கறை கசியும். தட்டினால் மேலோடு பொள்ளல் ஒலி எழுப்பும். வெடிப்பு கம்பியின் மேல் நேராக நிற்கும். உள்வீக்கத்தில் இவை மூன்றும் இல்லாமலிருக்கலாம். ஆனால் திருகோணமலைக் கரையில் இரண்டும் ஒன்றாக இருப்பதே அதிக சாத்தியம் என்பது என் கருத்து. வீக்கம் திறந்துவிட்ட வெடிப்பு வழியே உப்பு நீர் உள்ளே போய்க் கம்பியையும் தின்னும். துருவைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

வெடிப்பை நன்றாகப் பார்க்க ஓர் எளிய வழி: காலையில், வெயில் அந்த முகத்தில் படுமுன், கைத்தெளிப்பானால் மேற்பரப்பை நனைத்துவிட்டு ஓரமாக நின்று காத்திருங்கள். முதலில் முழுப் பரப்பும் ஒரே கருமையாக இருக்கும். பின்னர் நல்ல கொங்கிறீட் வெளுத்துக்கொண்டு வரும். வெடிப்புகள் மட்டும் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்லிய கரிய கோடுகளாக நிற்கும். வெறுங்கண்ணுக்கு முதலில் நான்கு வெடிப்பு தெரிந்த இடத்தில் அப்போது ஒரு முழு வலை தெரியும். அந்தச் சில நிமிடங்களுக்குள் படம் எடுத்துவிட வேண்டும். படத்தின் சட்டகத்துக்குள் ஓர் அளவுகோலும் இருக்க வேண்டும்.

வெடிப்பிலிருந்து வழிந்து உறைந்த வெண்படிவைக் கண்டால் உடனே அதைக் கூழ் என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலான வெண்படிவு சுண்ணாம்பே. ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி விட்டால் சுண்ணாம்பு நுரைக்கும், வினைக்கூழ் நுரைக்காது. ஆயினும் வெளியே வந்த கூழ் காற்றோடு கலந்து மேலே காபனேற்றாகவும் மாறியிருக்கலாம் என்பதால், நுரைத்தது என்ற காரணத்துக்காக மட்டும் ஐயத்தைக் கைவிடலாகாது. கையுறையும் கண்காப்பும் அணிந்துகொண்டு சிறிதளவைச் சுரண்டிப் போத்தலில் இட்டு ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் செல்வதே சரி.

வெடிப்பைத் தவிர அமைப்பின் நடத்தையையும் பாருங்கள். வான்கதவு முன்பு போல இறங்காமல் இறுகுகிறதா, விரிவு இணைப்பின் இடைவெளி மூடிக்கொண்டதா, கைபிடிச் சுவரின் இரு பகுதிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா, பக்கத்துப் பக்கத்து வார்ப்புகளுக்கிடையில் படி விழுந்துள்ளதா என்பவை வெடிப்பைவிட நம்பகமான சாட்சிகள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் 1968 இல் இயங்கத் தொடங்கிய மக்டக்குவாக் நீர்மின் நிலையத்தில் கொங்கிறீட் பருத்துப் பருத்து, இயந்திரங்களுக்கும் கதவுகளுக்கும் இடங்கொடுக்க வைரக்கம்பி வாளால் அதை அறுத்தெடுக்க வேண்டி வந்தது. நூறாண்டு வாழ வேண்டியதென்று கட்டப்பட்ட நிலையம் அது.

அளவிடுதல்

முதல் அளவு வெடிப்புச் சுட்டெண். பிரெஞ்சு முறையில், தெரிந்தெடுத்த இடத்தில் ஒரு மீற்றர் நீளமான நான்கு கோடுகள் ஒரே புள்ளியில் வெட்டுமாறு வரையப்படும்: ஒன்று கிடையாக, ஒன்று நிலைக்குத்தாக, மற்ற இரண்டும் சாய்வாக. ஒவ்வொரு கோட்டையும் கடக்கும் ஒவ்வொரு வெடிப்பின் அகலத்தையும் வெடிப்பளவு அட்டையாலோ உருப்பெருக்கியாலோ அளந்து, கூட்டி, கோட்டின் நீளத்தால் வகுத்தால், மீற்றருக்கு எத்தனை மில்லிமீற்றர் வெடிப்பு என்பது கிடைக்கும். மீற்றருக்கு 0.5 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் பொருட்படுத்தத் தேவையில்லை. 1 முதல் 2 வரை நடுத்தரம். 2 முதல் 5 வரை கடுமை. அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் வழிகாட்டியிலும், 0.5 ஐத் தாண்டினாலோ 0.15 மில்லிமீற்றருக்கு மேல் அகலமான வெடிப்பு இருந்தாலோ மேலும் ஆராய வேண்டும் என்றே உள்ளது. நான்கு கோடுகளின் எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள். சராசரி மட்டும் எழுதினால் எந்தத் திசையில் வீக்கம் தடுக்கப்படுகிறது என்ற தகவல் தொலைந்துபோகும்.

சுட்டெண் சொல்வது இதுவரை நடந்ததை. இப்போது நடப்பதை அறிய, மேற்பரப்பில் உலோகப் பொட்டுகள் பதித்து, டிமெக் எனப்படும் பொறிமுறை விகார அளவியால் அவற்றின் இடைத்தூரத்தைக் காலத்துக்குக் காலம் அளக்க வேண்டும். இதைப்பற்றி விரிவாகச் சொல்வதற்குக் காரணம், எங்கள் வெயிலில் பெரும்பாலான அளவீடுகள் பிழைப்பது இங்கேதான். கொங்கிறீட் ஒரு பாகை சூடேறினால் மீற்றருக்கு ஏறத்தாழ 0.01 மில்லிமீற்றர் விரியும். காலை ஆறு மணிக்கு எடுத்த அளவையும் பகல் இரண்டு மணிக்கு எடுத்த அளவையும் ஒப்பிட்டால், மேற்பரப்பு வெப்பநிலை 10 பாகை மாறியிருக்க, 0.1 மில்லிமீற்றர் வேறுபாடு தெரியும். கார–சிலிக்கா வினையால் ஓர் ஆண்டு முழுவதும் நடக்கக்கூடிய வீக்கமும் அதே 0.1 மில்லிமீற்றராக இருக்கலாம். அதாவது நேரம் தவறிய ஒரு வாசிப்பு ஓராண்டு வீக்கத்தை இல்லாததாக்கிவிடும், அல்லது இல்லாத வீக்கத்தை உண்டாக்கிவிடும். எனவே ஒவ்வொரு தடவையும் சூரியன் எழுமுன்னரே அளந்து முடியுங்கள். மேற்பரப்பு வெப்பநிலையையும் அளவீட்டுடன் ஒரே வரியில் எழுதுங்கள். கருவியோடு வரும் ஒப்பீட்டுக் கோலை வாசிப்புக்கு முன்னும் பின்னும் பரிசோதியுங்கள். பொட்டுகள் துருவேறா உருக்காக இருக்க வேண்டும். ஒட்டிவிட்ட பொட்டுகள் உப்புக்காற்றில் கழன்றுபோவதால், துளையிட்டுப் பதித்தவையே நிலைக்கும்.

பருவகாலம் அடுத்த சிக்கல். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மேற்பரப்பை உலர்த்துவதால் தோல் சுருங்கி, வெடிப்பு அகன்று தெரியும். ஒக்டோபர் இறுதியில் வாடை மழை தொடங்கியதும் அதே தோல் நனைந்து விரிந்து, வெடிப்பின் வாய் ஒடுங்கிக் காணப்படும்; உள்ளேயோ அப்போதுதான் நீர் புகுந்து வீக்கத்துக்கு ஊட்டம் கிடைக்கிறது. ஜூலையில் அளந்து ஜனவரியில் அளந்து, "வெடிப்பு குறைந்துவிட்டது" என்று அறிக்கை எழுதினால் அது உண்மைக்கு நேர்மாறாக முடியும். ஒரே மாதத்தை அடுத்த ஆண்டின் அதே மாதத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். ஓராண்டு குறைந்தபட்சம், மூன்று ஆண்டுத் தொடர் கையில் இருந்தால் வேகம் கூடுகிறதா தணிகிறதா என்று உறுதியோடு பேசலாம். அமைப்பின் உலர்ந்த, வெடிப்பில்லாத பகுதியிலும் ஒரு தொகுதிப் பொட்டுகளைப் பதித்து வையுங்கள். ஒப்பிட அது இல்லாமல் மற்ற எண்களுக்குப் பொருள் இல்லை.

மாதிரி எடுத்தல்

உருளை மாதிரி எடுப்பதென்பது அமைப்பைக் காயப்படுத்துவது. ஆகவே எதற்காக எடுக்கிறோம் என்பது முடிவாகாமல் துளையிடக் கூடாது. மோசமாக வெடித்த ஈரமான இடத்திலிருந்தும், வெடிக்காத இடத்திலிருந்தும், நீர்மட்டம் ஏறியிறங்கும் பகுதியிலிருந்தும் எடுக்க வேண்டும். விட்டம் 100 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. கம்பி எங்குள்ளது என்பதை முதலில் கம்பிகாண் கருவியால் குறித்து, அதைத் தவிர்த்துத் துளையிடுங்கள். தாமத எட்ரிங்கைட்டைச் சந்தேகித்தால் மேலோட்டில் எடுத்த துண்டு போதாது. அதிகம் சூடானது மையம் என்பதால், துளை ஆழமாகப் போக வேண்டும்.

துண்டு வெளியே வந்ததும் ஈரத்தைத் துடைத்து, மேல்முனையையும் திசையையும் எழுதி, படம் எடுத்து, உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளால் இறுகச் சுற்றி, அதன்மேல் இன்னொரு பையில் இட்டுக் கட்டிவிட வேண்டும். லொறியின் பின்பெட்டியில் வெயிலில் கிடந்து காய்ந்த துண்டு, எஞ்சிய வீக்கத்தை அறியும் சோதனைக்கு உதவாது. இப்படிச் சுற்றி நிழலில் வைத்த துண்டைச் சில நாட்கள் கழித்துத் தாளின் ஊடாகப் பார்த்தால், வினை நடந்த கற்களின் மேல் வியர்த்தது போன்ற ஈரப்பொட்டுகள் தெரியலாம்; கூழ் வெளியே கசிகிறது என்பதற்கு அது அடையாளம். உடைந்த முகத்தில் கல்லைச் சுற்றி ஒரு கருமையான விளிம்பும், காற்றுக்குழிகளில் வெண்மையாகவோ கண்ணாடி போலவோ படிந்த பொருளும் இருந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுகூடத்தில்

கிழக்கிலிருந்து மாதிரிகளைப் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கோ எடுத்துச் செல்லலாம். எங்கே கொடுத்தாலும், முதலில் கேட்க வேண்டியது வலிமைச் சோதனையை அன்று, பாறையியல் பரிசோதனையை. மெல்லிய சீவலாக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், வெடிப்பு கல்லுக்குள் தொடங்கிப் பசைக்குள் போகிறதா, அல்லது கல்லைத் தொடாமல் பசைக்குள்ளேயே ஓடுகிறதா என்பது தெரியும். கல்லுக்குள் தொடங்கினால் கார–சிலிக்கா வினை. கற்களைச் சுற்றி இடைவெளி விழுந்து, பெரிய கல்லைச் சுற்றிப் பெரிய இடைவெளியும் சிறிய கல்லைச் சுற்றிச் சிறிய இடைவெளியுமாக இருந்தால், பசை முழுவதும் பருத்துக் கற்களை விட்டு விலகியிருக்கிறது. அது தாமத எட்ரிங்கைட்டின் அடையாளம். இரண்டும் சேர்ந்தே இருக்கும் அமைப்புகளும் உலகில் நிறைய உண்டு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எட்ரிங்கைட் ஊசிகள் தெரிந்தன என்பது மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை. நீரில் நெடுங்காலம் நின்ற எந்தக் கொங்கிறீட்டிலும் காற்றுக்குழிகளுக்குள் எட்ரிங்கைட் வந்து படியும். அது வெற்றிடத்தை நிரப்புகிறதே தவிர எதையும் தள்ளுவதில்லை. கிண்ணியா, உப்பாறு, வெருகல் போன்ற நீர்த்துறைகளில் நிற்கும் எந்த அமைப்பிலிருந்து எடுத்த மாதிரியிலும் அது இருந்தால் வியப்பதற்கில்லை. எனவே எட்ரிங்கைட், கற்களைச் சுற்றிய சீரான இடைவெளி, 70 பாகையைத் தாண்டியிருக்கக்கூடிய வெப்ப வரலாறு, களத்தில் அளந்த வீக்கம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டுமே அந்தப் பெயரை அறிக்கையில் எழுத வேண்டும்.

வலிமைச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அமுக்க வலிமை தாமதமாகவே குறைகிறது. வீங்கிய கொங்கிறீட்டும் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும். முதலில் விழுவது மீள்தன்மைக் குணகமும் (அதாவது விறைப்பின் அளவும்) இழுவை வலிமையும்தான். ஆகவே துண்டை உடைப்பதற்கு முன், குறைந்த சுமையை ஏற்றியும் இறக்கியும் அதன் விறைப்பு எவ்வளவு குன்றியுள்ளது என்று பார்க்கும் சோதனையைச் செய்விப்பது அதிகப் பயன் தரும்.

எஞ்சிய வீக்கம் எவ்வளவு என்ற கேள்விக்கு, துண்டுகளை 38 பாகையில் மிகை ஈரத்தில் ஓராண்டு வரை வைத்தும், எட்ரிங்கைட்டுக்காக வேறு துண்டுகளை நீரில் அமிழ்த்தியும், நீளத்தை அளந்து விடை தேடுகிறார்கள். சிறிய துண்டிலிருந்து காரம் வெளியே கழுவப்பட்டுவிடுவதால், இந்தச் சோதனை பெரிய அமைப்பின் உண்மையான வீக்கத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். களத்துப் பொட்டுகள் காட்டும் வேகத்தோடு சேர்த்தே அதை வாசிக்க வேண்டும்.

இங்குள்ள கல்

கோணேசர் மலையையொட்டித் திருகோணமலைப் பகுதியில் குவார்ட்சைட் பாறைகள் வெளிப்பட்டு நிற்கின்றன. உட்பகுதியில் நைஸ், சார்னொக்கைற் போன்ற உருமாறிய பாறைகள் பரவியுள்ளன. இவை பழைமையானவை, கடினமானவை. ஆகவே பாதுகாப்பானவை என்று எண்ணுவது வழக்கம். ஆனால் கடினத்துக்கும் வினைபுரியாமைக்கும் தொடர்பில்லை. பூமிக்குள் நசுங்கித் திரிபடைந்த குவார்ட்ஸ் மணிகள் மெதுவாக வினைபுரியக்கூடியவை. அதன் விளைவு பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே வெளியே தெரியலாம். எந்தக் கல்லுடைக்கும் இடத்தின் கல்லையும் நான் குற்றஞ்சாட்டவில்லை. சோதித்துப் பார்க்காமல் நற்சான்று கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.

ஏ.எஸ்.ரி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் சி 1260 என்ற விரைவுச் சோதனையில் கல்லை அரைத்துச் சாந்துச் சட்டமாக்கி, 80 பாகைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் 14 நாட்கள் வைப்பார்கள். வீக்கம் 0.10 சதவீதத்துக்குக் கீழே என்றால் பொதுவாகக் கேடில்லை, 0.20 க்கு மேல் என்றால் ஆபத்து. மெதுவாக வினைபுரியும் கற்கள் சில இதில் தப்பிவிடுவதுண்டு. ஆகவே பெரிய அமைப்புக்கு சி 1293 என்ற கொங்கிறீட் பட்டகச் சோதனையையே நம்ப வேண்டும்; அதில் ஓராண்டில் 0.04 சதவீதம் எல்லை. ஓராண்டு காத்திருக்க ஒப்பந்தகாரர் விரும்பமாட்டார் என்பது தெரிந்ததே. ஆனால் ஒரு கல்லுடைக்கும் இடத்தை ஒருமுறை சோதித்து வைத்தால், பாறைமுகம் மாறாத வரை பல வேலைகளுக்கு அது பயன்படும். அதைப் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வாகவே ஆண்டுதோறும் செய்யலாம்.

இன்னொரு சான்று எங்கள் கண்முன்னாலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துறைமுகத்தைக் காக்கக் கட்டப்பட்ட பீரங்கித் தளங்களின் கொங்கிறீட் எண்பது ஆண்டு மழையையும் உப்பையும் கண்டுவிட்டது. அவற்றில் பயன்பட்ட கல் இன்று உடைக்கப்படும் கல்லோடு ஒரே வகையா என்பதைப் பாறையியலால் அறிய முடிந்தால், எந்த ஆய்வுகூடமும் தர முடியாத நீண்ட காலச் சோதனை முடிவு கையில் கிடைக்கும். அவை கடற்படைப் பகுதியிலும் பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் இருப்பதால் எழுத்து மூல அனுமதி இல்லாமல் நெருங்கலாகாது. மாதிரி எடுக்காமல் கண்ணால் பார்த்து வெடிப்பை வரைந்து வந்தாலே பெரும் பயன்.

முடிவிலிருந்து நடவடிக்கைக்கு

வீக்கம் உறுதியானதும் இடிக்க வேண்டும் என்று பதற்றப்படத் தேவையில்லை. நன்றாகக் கம்பி கட்டிய உறுப்பில் வீக்கம் கம்பியை இழுக்க, கம்பி கொங்கிறீட்டை நெருக்க, தாங்குதிறன் நெடுங்காலம் நிலைத்திருப்பதுண்டு. அமெரிக்காவின் சீபுறூக் அணுமின் நிலையச் சுவர்களில் 2010 இல் கார–சிலிக்கா வினை உறுதியானபோது, சிறு துண்டுகளை மட்டும் நம்பாமல், வினைபுரியும் கல்லால் பெரிய உறுப்புகளையே புதிதாக வார்த்து டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் உடைத்துப் பார்த்தார்கள். அதேவேளை ஜப்பானில் பாலத் தூண்களின் வளைக்கப்பட்ட கம்பிகள் வளைவிலேயே முறிந்திருந்தமையும் கண்டறியப்பட்டது. ஆகவே கம்பி எப்படிக் கட்டப்பட்டுள்ளது, எங்கே வளைகிறது, எங்கே நங்கூரமிடப்பட்டுள்ளது என்ற வரைபடம் இல்லாமல் பாதுகாப்பைப் பற்றி எந்த முடிவும் எழுதக்கூடாது.

சிகிச்சையில் முதலிடம் நீரைத் தடுப்பதற்கே. மேற்றளத்தில் தேங்கும் நீருக்கு வடிகால், கசியும் இணைப்புக்கு அடைப்பு, நனைந்தும் காய்ந்தும் மாறும் முகத்துக்கு ஆவியை வெளியே விடும் சிலேன் வகைப் பூச்சு. உள்ளே ஈரத்தை அடைத்துவிடும் கெட்டியான வண்ணப்பூச்சு வேண்டவே வேண்டாம். அது வீக்கத்தை வளர்க்கும், வெடிப்பையும் மறைக்கும். கடலுக்குள்ளும் களப்புக்குள்ளும் நிற்கும் தூணின் அடிப்பகுதியை உலர்த்த முடியாது. அங்கே சுற்றிக் கவசமிட்டு வீக்கத்தை நெருக்குவதா, அல்லது அணைகளில் செய்வது போல அறுத்து இடம் விடுவதா என்பது கணிப்புக்குரிய கேள்வி. பிரான்ஸின் ஷம்போன் அணையை 1990களில் அறுத்தார்கள். வீக்கம் தொடர்ந்ததால் பின்னர் மறுபடியும் அறுக்க வேண்டி வந்தது.

புதிதாக வார்ப்பவர்களுக்கு வேலை எளிது. தடிப்பான உறுப்பின் மையத்தில் வெப்ப உணரியைப் புதைத்து, உச்ச வெப்பநிலையை 65 – 70 பாகைக்குள் வைத்திருங்கள். 2007 ஆம் ஆண்டுப் பிரெஞ்சு வழிகாட்டி மிகவும் காக்கப்பட வேண்டிய அமைப்புகளுக்கு 65 என்கிறது. சீமெந்தில் கால் பங்குக்குக் குறையாமல் நிலக்கரிச் சாம்பலால் ஈடுசெய்தால் வெப்பமும் குறையும், கார–சிலிக்கா வினையும் அடங்கும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பல் நாட்டுக்குள்ளேயே கிடைக்கிறது, அதன் தரத்தைச் சோதித்துப் பயன்படுத்த வேண்டும். கச்சான் மாதங்களில் பகல் வார்ப்பைத் தவிர்த்து இரவில் வாருங்கள். சல்லிக் குவியலை நிழலில் வைத்து நனையுங்கள். கலவை நீரில் ஒரு பங்கை நொறுக்கிய பனிக்கட்டியாக இடுங்கள்.

கடைசியாக, ஆவணம். பொட்டுகளின் அமைவிட வரைபடம், ஒவ்வொரு வாசிப்பின் நாள், நேரம், வெப்பநிலை, வாசித்தவரின் பெயர், மாதிரி எடுத்த துளைகளின் இடமும் ஆழமும், அவை எந்தக் கலவையால் அடைக்கப்பட்டன என்ற குறிப்பு, எல்லாப் படங்களும் அடங்கிய கோப்பைக் குறைந்தது மூன்று இடங்களில் வையுங்கள்: அமைப்புக்குப் பொறுப்பான திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் ஒன்று, கொழும்புத் தலைமையகத்தில் ஒன்று, சோதனை செய்த பல்கலைக்கழகத்தில் ஒன்று. உத்தியோகத்தர்கள் மாற்றலாகிப் போவார்கள். அடுத்து வருபவர் அதே பொட்டைத் தேடிப் பிடித்து, அதே மாதத்தில், அதே அதிகாலையில் அளக்கக்கூடியவாறு அந்தக் கோப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும்.